ரெண்டு சொட்டு எண்ணெயும் ரெண்டு கிலோ அலுமினியமும்

டிஸ்கி: ஆர்.சி. வண்டி ஓட்டாதவங்களுக்கும் புரியணும்னு முயற்சி பண்ணிருக்கேன். புரியலைன்னா திட்டுங்க, ஆனா முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க :-)

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள ஒரு கடுப்பு. இன்னிக்கு ஆபீஸ்ல ஆணி கம்மி, அதனால கொட்டிடறேன்.

ஞாயித்துக்கிழமை காலைல எந்தப் பொட்டல்ல ஆர்.சி. கும்பல் கூடினாலும் ஒரு அறிவாளி இருப்பார். புதுசா ஒருத்தன் மான்ஸ்டர் ட்ரக்கோட வந்து "அண்ணா, திருப்பத்துல கவுருதுண்ணா, குண்டு குழில பந்து மாதிரி குதிக்குதுண்ணா"ன்னு கேட்டா போதும். ஓடிட்டிருக்குற வண்டியை நின்னு பாக்கக்கூட மாட்டார். "பிளாஸ்டிக் தம்பி, அதான். அலுமினியம் ஆர்ம் போடு, அலுமினியம் டவர் போடு, கெட்டி ஸ்பிரிங் போடு". முடிஞ்சது வைத்தியம். எனக்கு நெஞ்சுவலிக்குப் போனா பல் புடுங்கி அனுப்புற டாக்டர் ஞாபகம்தான் வருது.

போன சீசன்ல காலேஜ் ரெண்டாம் வருஷம் படிக்கிற ஒரு பையன் வந்தான். சின்னப் பசங்களுக்கு டியூஷன் எடுத்து சேர்த்த காசுல ஒரு செகண்ட் ஹேண்ட் ட்ராக்ஸாஸ் ஸ்டாம்பீட் வாங்கியிருந்தான். இந்த வைத்தியத்தை நம்பி, மறுபடியும் டியூஷன் காசு சேர்த்து, முன்னாடி பின்னாடி ரெண்டுக்கும் பளபளன்னு நீலக்கலர் அலுமினியம் மாட்டிட்டு வந்தான். வண்டி முன்னைவிட மோசமா கவுந்துச்சு. "எனக்கு ஓட்டத் தெரியலைண்ணா, வித்துடலாம்னு இருக்கேன்"ன்னான் பாருங்க, எனக்கு எங்கேயோ எரிஞ்சது. அவன் நல்லாத்தான் ஓட்டினான். கெட்டது வண்டிகூட இல்ல. காதுல விழுந்த ஆலோசனைதான் கெட்டது.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ஸ்பிரிங்கோட வேலை வண்டியைத் தாங்குறது. ஷாக்குக்குள்ள இருக்குற எண்ணெயோட வேலை அந்த ஸ்பிரிங் ஆடுற ஆட்டத்தை அடக்குறது. இந்த ரெண்டு வேலையையும் போட்டுக் குழப்பிக்கிறதுலதான் முக்கால்வாசி ஏழரையும் ஆரம்பிக்குது. எண்ணெய் இல்லாட்டி என்ன ஆகும்னு பாக்கணுமா? 1987-ல் வந்த டாமியா லஞ்ச் பாக்ஸைப் பாருங்க. அதுல இருக்குறது எண்ணெய் இல்லாத ஷாக், வெறும் ஸ்பிரிங்கும் உராய்வும்தான். தவளை மாதிரி தத்தித் தத்திப் போகும். அதுக்காகவே அதை நேசிக்கிற ஆளுங்க இருக்காங்க, அது வேற கதை (நானும் ஒருத்தன்).

அறிவாளியோட முதல் டகால்டி பிரீலோடு. ஷாக்கு மேல ஒரு கிளிப்பை மாட்டியோ காலரைத் திருகியோ ஸ்பிரிங்கைக் கொஞ்சம் அமுக்கி வைக்கிறது. "பிரீலோடு ஏத்தினா ஸ்பிரிங் கெட்டியாயிடும்"னு சத்தியம் பண்ணுவாங்க. ஆகாதுங்க. ஒரு மில்லிமீட்டர் கூடுதலா அமுங்க எவ்ளோ விசை வேணுமோ, கிளிப் மாட்டினப்புறமும் அதே விசைதான். மாறுறது வண்டி நிக்கிற உயரம் மட்டும். இன்னும் கெட்ட சமாச்சாரம் ஒண்ணு இருக்கு. ஏத்திக்கிட்டே போனா ஆர்ம் ரெண்டும் முழுசா கீழ தொங்கி நின்னுடும். பள்ளம் வந்தா சக்கரம் அதுக்கு மேல கீழ இறங்க இடமே இருக்காது. பள்ளத்தைத் தொடாம சக்கரம் காத்துல சுத்தும், வண்டி தாவும். நம்மாளு உடனே இன்னொரு கிளிப் போடச் சொல்லுவார். வெளங்கிரும்.

சரியா இருக்கான்னு பாக்க கருவி ஒண்ணும் வேணாம். பேட்டரியோட, பாடியோட வண்டியைக் கையில தூக்கி ஒரு சாண் உயரத்துலேர்ந்து விடுங்க. அடங்கினப்புறம் ஆர்ம் தரைக்கு இணையாவோ, வெளிப்பக்கம் லேசா கீழ சாஞ்சோ நிக்கணும். அப்பதான் மேலயும் கீழயும் ரெண்டு பக்கமும் இடம் இருக்கும். அடுத்து முழங்கால் உயரத்துலேர்ந்து விடுங்க. சேஸிஸ் தரையை லேசா முத்தம் கொடுத்துட்டு மேல வந்து, குதிக்காம, ஒரே ஆட்டத்துல நிக்கணும். பொத்துன்னு மோதினா எண்ணெய் தண்ணியா இருக்கு. ரெண்டு மூணு தடவை ஆடினாலும் அதேதான். தரையைத் தொடவே இல்லாம கல்லு மாதிரி விழுந்தா கெட்டி ஜாஸ்தி. அந்தப் பையன் வண்டி கல்லு மாதிரிதான் விழுந்துச்சு.

ரெண்டாவது டகால்டி: "குதிச்சு இறங்கும்போது அடி படுதா? இருக்குறதுலயே கெட்டி எண்ணெய் ஊத்து". ஷாக் பிஸ்டன்ல சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், எண்ணெய் அது வழியாத்தான் போய் வரணும். வரிசையா பள்ளம் வரும்போது பிஸ்டன் படு வேகமா நகரணும். கெட்டி எண்ணெய் அந்த வேகத்துக்கு ஓட்டை வழியா போக முடியாம அடைச்சுக்கும். அந்த நிமிஷம் ஷாக் ஷாக்கா இருக்காது, வெறும் கம்பிதான். சக்கரம் மேல போகாது, மொத்த வண்டியும் மேல போகும். ஜம்ப்புல நல்லா இறங்குற செட்டிங் பள்ளத்துல உதைக்கும், பள்ளத்துல மிதக்குறது ஜம்ப்புல தரையைத் தட்டும். உங்க மைதானத்துல எது அதிகமோ அதுக்கு ஏத்த மாதிரி சமரசம் பண்ணிக்கிறதுதான் ட்யூனிங். கரடுமுரடுதான் அதிகம்னா பெரிய ஓட்டை பிஸ்டனும் கொஞ்சம் கெட்டி எண்ணெயும், ஜம்ப்தான் அதிகம்னா சின்ன ஓட்டையும் லேசான எண்ணெயும்னு ஆரம்பிக்கலாம்.

"30 வெயிட் ஊத்து"ன்னு சொல்றவரைப் பாத்து "எந்தக் கம்பெனி 30?"ன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. முழிப்பார். அந்த வெயிட்ங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டீம் அசோசியேட்டட் 30-ங்கிறது 350 சென்டிஸ்டோக்ஸ், லோசி 30-ங்கிறது 338. இங்க பரவாயில்ல, பக்கம் பக்கம். அதே 50-க்குப் போனா ஒண்ணு 650, இன்னொண்ணு 710. பாட்டில்ல சென்டிஸ்டோக்ஸ் போட்டிருந்தா அதை மட்டும் நம்புங்க.

அந்த எண்ணும் 25 டிகிரி சூட்டுல அளந்தது. நம்ம ஊரு மே மாசத்துல 40 டிகிரி வெயில்ல சிலிக்கோன் எண்ணெய் கிட்டத்தட்ட கால்வாசி இளகிடும். வெளிநாட்டுல குளிர்ல ஓட்டினவரோட செட்டப் ஷீட்டை அப்படியே ஈயடிச்சான் காப்பி அடிச்சா, அவர் 350-ல ஓட்டினதை நாம 260 சொச்சத்துல ஓட்டிட்டிருப்போம். அதே ஆட்டம் வேணும்னா இங்க 450 பக்கம் ஊத்தணும். ஏசி ரூம்ல தரை ஓட்டுல தட்டிப் பாத்துட்டு வெயிலுக்கு வர்றவங்க இதை மறந்துடறாங்க. மிச்சம் பண்றேன்னு பைக் ஃபோர்க் ஆயில் ஊத்தாதீங்க சாமிகளா. பெட்ரோலிய எண்ணெய் பட்டா சிலிக்கோன் சீல் உப்பிடும்.

இனி அலுமினியம். நியாயமா பேசுவோம், அவங்க பக்கமும் ஒரு வாதம் இருக்கு. பிளாஸ்டிக் ஒடையும், உலோகம் ஒடையாது. ஸ்டாக் ஆர்ம் நைலான். மோதினா வளையும், திரும்பி நிமிரும். ரொம்ப மோசமா மோதினா ஒடையும், அதோட அடி நின்னுடும். அலுமினியம் வளைஞ்சா வளைஞ்சதுதான், நிமிராது. வளையலைன்னா இன்னும் மோசம், அடியை அப்படியே உள்ள இருக்குற பல்க்ஹெட்டுக்கும் சேஸிஸுக்கும் அனுப்பிடும். ஆர்ம் மாத்துறது பத்து நிமிஷ வேலை, சேஸிஸ் மாத்துறது மொத்த வண்டியையும் பிரிச்சுக் கோக்குற வேலை. கூடவே சக்கரத்தோட ஏறி இறங்குற எடை கூடுது. அந்த எடையை அடக்க ஸ்பிரிங்கும் எண்ணெயும் அதிகமா மெனக்கெடணும். அதாவது சஸ்பென்ஷன் சரியில்லைன்னு போட்ட சாமான் சஸ்பென்ஷனையே கெடுக்குது.

அலுமினியமே கூடாதுன்னு சொல்லல. ஷாக்கோட மேல் மூடி பிளாஸ்டிக்கா இருந்தா பலமா விழும்போது பிச்சுக்கிட்டு எண்ணெய் கொட்டிடும், அங்க அலுமினிய மூடி காசுக்குத் தகும். ஆனா அது கண்ணுக்குத் தெரியாதே! போட்டோல பளபளன்னு வராதே!

காசில்லாத ட்யூனிங் இன்னும் இருக்கு. ஷாக் டவர்லயும் ஆர்ம்லயும் வரிசையா ஓட்டை போட்டு வெச்சிருக்கான் கம்பெனிக்காரன், அழகுக்கு இல்ல. மேல் முனையை உள்பக்க ஓட்டைக்கு மாத்தி ஷாக்கைச் சாய்ச்சா முதல்ல மெதுவாவும் போகப் போக கெட்டியாவும் ஆகும். கீழ் முனையை வெளிப்பக்கம் தள்ளினா கெட்டியாகும். ஜம்ப்ல மூக்கு குத்துதா? பின்பக்கம் சீக்கிரமா உதைக்குது, பின்னாடி மட்டும் எண்ணெயை ஒரு படி கெட்டியாக்குங்க. ஷாக்குல காத்துக் குமிழி இல்லாம, இடதும் வலதும் ஒரே அளவு இருக்கான்னு பாருங்க. பாதி கவுறது இதுல மட்டுமே நின்னுடும்.

நிஜ மான்ஸ்டர் ட்ரக் வீடியோவைக் காட்டி "அது மாதிரி மிதக்கணும்"னு கேக்குறவங்களுக்கு ஒரு வார்த்தை. அது 5 டன்னுக்கு மேல எடை, 66 இன்ச் டயர். வண்டியைப் பத்துல ஒண்ணா சுருக்கலாம், புவியீர்ப்பைச் சுருக்க முடியாது. பத்துல ஒரு பங்கு உயரத்துலேர்ந்து விழ மூணுல ஒரு பங்கு நேரம்தான் ஆகும். நம்ம வண்டி எப்பவும் அவசரமாத்தான் தெரியும். அந்த மிதப்புக்குக் கிட்டப் போகணும்னா மெதுவான ஸ்பிரிங் வேணும், கெட்டி ஸ்பிரிங் நேர் எதிர்த் திசை.

அந்தப் பையன் விஷயம்: பழைய ஆர்மைத் திரும்ப மாட்டி, கிளிப் எல்லாம் கழட்டி, பழைய ஸ்பிரிங்கைப் போட்டு, நாலு ஷாக்குக்கும் எண்ணெய் மாத்தினோம். ஒரு மதியம் போச்சு, என் பாட்டில்ல பாதி போச்சு. இப்போ அந்தத் திருப்பத்துல முழு த்ராட்டில்ல போறான். விக்கிற பேச்சே இல்ல. அலுமினியத்தை மட்டும் திரும்ப எடுத்துக்க எந்தக் கடையும் தயாரா இல்ல.

அறிவாளிங்க வந்து சண்டை போடலாம், கடை தொறந்துதான் இருக்கு. ஒரே நிபந்தனை, முதல்ல அந்த முழங்கால் உயர சோதனையைப் பண்ணிட்டு வாங்க. அப்புறம், கழட்டிப் போட்ட ஸ்டாக் நைலான் ஆர்ம் யார்கிட்டயாவது இருந்தா குப்பைல போடாதீங்க. எனக்கு வேணும், கூரியர் செலவு என்னுது.