மாவுக்கும் ஒரு ரஜாய்



டெல்லி சரோஜினி நகர் என்றால் பலருக்கும் மலிவு விலைத் துணிக்கடைகள்தான் ஞாபகம் வரும். எனக்கு ஞாபகம் வருவது ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை போர்த்திய இட்லி மாவுப் பாத்திரம்.

வினய் நகர் என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே சரோஜினி நகர் மத்திய அரசு ஊழியர்களின் குடியிருப்பு. பிள்ளையார் கோயிலும் உண்டு, தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஜனவரி ராத்திரியில் குளிர் 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். மாவு எப்படிப் பொங்கும்? வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, பாத்திரத்தை ரஜாயில் சுற்றி, அடுப்படியின் கதகதப்பான மூலையில் வைப்பார்கள். காலையில் பொங்கவில்லையா? சாயங்காலம் வரை பொறுப்பார்கள்.

இன்று அந்த மாவு பாக்கெட்டில் கிடைக்கிறது. வேலை முடிந்து களைத்து வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அவசரத்துக்கு நானும் வாங்குகிறேன். அதில் தப்பே இல்லை.

ஆனால் மாவு, பொடி, இஞ்சி பூண்டு விழுது, பனீர் என்று எல்லாமே பாக்கெட்டானால்? மாத மளிகை பில்லை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பாக்கெட்டின் பின்பக்கத்தையும் பாருங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போட வேண்டும் என்பது நம் நாட்டு லேபிள் விதி. நீங்கள் காசு கொடுத்த பொருள் அந்த வரிசையில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

இட்லி மிளகாய்ப்பொடியிலிருந்து தொடங்கலாமே. ஒரு கப் உளுத்தம்பருப்பு, அரை கப் கடலைப்பருப்பு, 15 மிளகாய் வற்றல், 2 ஸ்பூன் எள், கொஞ்சம் பெருங்காயம், உப்பு. ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுத்து, நன்றாக ஆறவிட்டு, கொரகொரப்பாகப் பொடியுங்கள். சூட்டோடு அரைத்தால் ஈரம் கோத்துக்கொள்ளும், பொடி கெட்டுவிடும். அரை மணி நேர வேலைதான். காரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் கையில்.

பனீரும் அப்படித்தான். ஒரு லிட்டர் முழுக் கொழுப்புப் பால், ஒரு எலுமிச்சம்பழம், ஒரு வெள்ளைத் துணி. பொங்கும் பாலில் சாறு விட்டால் திரிந்துவிடும். துணியில் வடித்து, மேலே கனமாக எதையாவது வைத்தால் போதும்.

'எனக்கு யார் சொல்லித் தருவார்கள்?' என்று கேட்கிறீர்களா? எஸ். மீனாட்சி அம்மாள் 1951-ல் 'சமைத்துப் பார்' வெளியிட்டதே அந்தக் கேள்விக்காகத்தானே? பக்கத்தில் அம்மா இல்லாத ஊரில், அந்தப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு சமைக்கப் பழகியவர்கள் எத்தனையோ பேர்.

எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. இந்த மாதம் ஏதாவது ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். அதை வீட்டில் எல்லாரும் சேர்ந்தே செய்யலாம். ராத்திரி பாதிப் பாத்திரம் இருந்த மாவு, காலையில் மூடியைத் தூக்கிக்கொண்டு நிற்பதை உங்கள் வீட்டுக் குழந்தை பார்த்திருக்கிறதா? இந்த ஞாயிற்றுக்கிழமை காட்டுங்களேன்.

அன்புடன்,
ஆசிரியர்