முதல் நாளோடு முடிந்துபோகும் குற்றச் செய்தி

‘முன்விரோதம் காரணமாக இளைஞர் வெட்டிக் கொலை: நால்வருக்கு வலை.’ மாவட்டப் பக்கத்தில் ஆறேழு வரி, ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், முடிவில் ‘போலீஸார் வழக்குப் பதிந்து விசாரித்துவருகின்றனர்’ என்றொரு வாக்கியம். நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் இந்த வார்ப்பு மனப்பாடம். அந்த நால்வரும் பிடிபட்டார்களா, குற்றப்பத்திரிகை எப்போது தாக்கலானது, வழக்கு தண்டனையில் முடிந்ததா, விடுதலையில் முடிந்ததா என்று மறுமாதமோ மறுவருடமோ தேடினால் பெரும்பாலும் ஒன்றும் அகப்படாது. ஊடகங்கள் போலீஸ் சொல்வதை அப்படியே எழுதுகின்றன என்பது வாசகர்களின் பழைய புகார். அதைவிடப் பெரிய குறை, போலீஸ் பேசி முடித்ததும் செய்தியும் முடிந்துவிடுவதுதான்.

இந்தக் குறையைப் பார்த்துப் பொறுக்காமல்தான் குடிமக்கள் தாங்களே இணையத்தில் எழுதத் தொடங்கினார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் பல ஊர்களில் இது நடந்திருக்கிறது. சிலர் கொதித்து எழுதினார்கள். சிலர் துப்பறியக் கிளம்பினார்கள். வெகு சிலர் உட்கார்ந்து கணக்கெழுதினார்கள். குற்றச் செய்தி எப்படி இருக்க வேண்டும் என்பதை உண்மையில் காட்டியவர்கள் அந்த வெகு சிலர்தான்.

வாஷிங்டனில் ஒரு பேரேடு

லாரா அமிகோ, கலிஃபோர்னியாவில் ஒரு நாளிதழின் குற்றச் செய்தியாளராக இருந்தவர். அங்கிருந்து வாஷிங்டனுக்குக் குடிபெயர்ந்தபோது அவருக்குப் பத்திரிகை வேலை எதுவும் அமையவில்லை. 2010-ல், கணினி நிரல் எழுதத் தெரிந்த கணவர் கிறிஸ் அமிகோவின் துணையோடு ‘ஹோமிசைட் வாட்ச் டி.சி.’ என்ற இணையதளத்தைத் தொடங்கினார். நகரில் நடக்கும் ஒவ்வொரு கொலையையும் பதிவது, கொல்லப்பட்ட ஒவ்வொருவரையும் நினைவில் நிறுத்துவது, ஒவ்வொரு வழக்கையும் கடைசிவரை பின்தொடர்வது: இந்த மூன்றும்தான் தளத்தின் கொள்கை.

1990-களின் தொடக்கத்தில் வாஷிங்டனை அமெரிக்காவின் ‘கொலைத் தலைநகரம்’ என்றார்கள். 1991-ல் மட்டும் 480 பேர் அளவுக்குக் கொல்லப்பட்டனர். 2012-ல் அந்த எண்ணிக்கை 88 ஆகக் குறைந்தது. 480 கொலைகளைத் தனியொருவர் பின்தொடர முடியாது. 88 கொலைகளை முடியும். அப்படியும் பெரிய நாளிதழ்களில் ஏழைப் பகுதிக் கொலை ஒரு பத்திச் செய்தியாகவே நீடித்தது. கைவசம் ஆளும் பணமும் இருந்தவர்கள் செய்யாததை வேலையில்லாத ஒரு செய்தியாளர் செய்தார்.

அந்தத் தளத்தில் கொல்லப்பட்டவருக்கு ஒரு பக்கம், குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஒரு பக்கம். பெயர், வயது, இடம், நாள், கிடைத்தால் படம். நீதிமன்றத்தில் போலீஸ் தாக்கல் செய்த ஆவணத்தின் நகலே அங்கே கிடைக்கும். அடுத்த விசாரணை எந்தத் தேதியில் என்பதும் இருக்கும். வழக்கு தள்ளுபடியானாலும், குற்றஞ்சாட்டப்பட்டவர் விடுதலையானாலும் அதையும் அந்தப் பக்கமே சொல்லும். இறந்தவரின் தாயும் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உறவினரும் ஒரே பக்கத்தின் கீழே எழுதினார்கள். வசையை வடிகட்டி மற்றதை அனுமதித்தார் லாரா.

தளத்துக்கு வருகிறவர்கள் என்ன சொல்லைத் தேடி வருகிறார்கள் என்ற பட்டியலையும் லாரா தினமும் பார்ப்பார். ஒரு கொலை நடந்து, போலீஸ் இறந்தவரின் பெயரை வெளியிடாத வேளையில், அந்தப் பட்டியலில் திடீரென்று ஒரு பெயர் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். அக்கம்பக்கத்தாரும் பள்ளித் தோழர்களும் தங்களுக்குத் தெரிந்த ஒருவரைத் தேடுகிறார்கள் என்று அதற்குப் பொருள். லாரா அந்தப் பெயரை வைத்துச் சமூக வலைதளங்களில் இரங்கல் குறிப்புகளைத் தேடுவார். சரிபார்த்த பிறகே பதிவார். போலீஸின் செய்திக்குறிப்புக்குக் காத்திருக்கும் நிருபருக்கு அந்தப் பெயர் அதன் பிறகுதான் கிடைக்கும். ஊருக்குத் தெரிந்தது செய்தி அறைக்குத் தெரியாமல் போகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2012-ல் தளம் பணமின்றித் தள்ளாடியபோது வாசகர்கள் 40,000 டாலருக்கு மேல் நன்கொடை திரட்டிக் கொடுத்தார்கள். சிகாகோவில் ‘சன் டைம்ஸ்’ நாளிதழ் இதே முறையை வாங்கிப் பயன்படுத்தியது. ஆனால், வாஷிங்டன் தளத்தை ஏற்று நடத்த உள்ளூர் ஊடக நிறுவனம் எதுவும் முன்வரவில்லை. 2014-ன் இறுதியில் அது மூடப்பட்டது. கணக்கெழுதுவது மலிவானது, ஆனால் இலவசமல்ல.

எந்தக் கொலை செய்தியாகிறது?

லாரா அமிகோவுக்கு மூன்றாண்டுகள் முன்பே, நாளிதழுக்குள்ளிருந்து ஒருவர் இதே வேலையைத் தொடங்கியிருந்தார். ‘லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்’ செய்தியாளர் ஜில் லியோவி, தன் பகுதியில் நடக்கும் கொலைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுதான் தன் பத்திரிகையில் வருகிறது என்பதைக் கண்டார். மீதி ஒன்பதுக்கும் இடம் தர அச்சில் பக்கம் இல்லை. இணையத்தில் இடப் பற்றாக்குறை கிடையாது. 2007 ஜனவரியில், பிணக்கூறாய்வு அலுவலகத்தின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றுவிடாமல் எழுத ஆரம்பித்தார்.

கொல்லப்பட்டவரின் இனத்தையும் அவர் குறிப்பிட்டது சர்ச்சையானது. அமெரிக்க நாளிதழ்கள் நாகரிகம் கருதி அந்த விவரத்தைத் தவிர்ப்பது வழக்கம். லியோவி அதைச் சேர்த்தபோதுதான், இளம் கறுப்பின ஆண்களின் சாவு எவ்வளவு சர்வசாதாரணமாகிவிட்டது என்பது பட்டியலாகக் கண்முன் நின்றது. பத்தில் ஒன்றைப் பொறுக்கி எடுக்கும் செய்தி அறை, எந்த உயிர் வாசகரைப் பதறச் செய்யும் என்று கணக்குப் போட்டுத்தான் பொறுக்குகிறது. முழுப் பட்டியல் வந்தால் மட்டுமே அந்தக் கணக்கு அம்பலமாகும்.

நமக்கும் இது அந்நியமான பாடமல்ல. இங்கே ‘காதல் விவகாரம்’, ‘குடும்பத் தகராறு’ என்ற சொற்களுக்குள் சாதி எத்தனை முறை ஒளிக்கப்படுகிறது! மதுரையிலிருந்து இயங்கும் ‘எவிடென்ஸ்’ போன்ற அமைப்புகள் களத்துக்குப் போய் உண்மையறிந்து தொகுத்திராவிட்டால், சாதி ஆணவக் கொலைகளில் பல வெறும் தகராறுகளாகவே பதிவாகியிருக்கும்.

கோபம் எங்கே உதவியது, எங்கே கெடுத்தது?

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஸ்டூபன்வில் ஒரு சிற்றூர். கால்பந்து அங்கே ஊரின் பெருமை. 2012 ஆகஸ்ட்டில் பதின்பருவப் பெண் ஒருத்தி பாலியல் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் பள்ளிக் கால்பந்து அணி வீரர்கள் இருவர் கைதானார்கள். கைதோடு நிற்காமல், வேடிக்கை பார்த்தவர்கள், படம் எடுத்தவர்கள், மூடி மறைத்தவர்கள் கதை என்ன என்று கேட்டவர் அலெக்சாண்ட்ரியா காடர்ட். முன்பு அவ்வூரில் வாழ்ந்த அவர், மாணவர்கள் வலைதளங்களில் போட்டுவிட்டு அழித்த பதிவுகளைத் தேடிச் சேமித்து, தன் வலைப்பூவில் வெளியிட்டார். அவர்மீது அவதூறு வழக்கு வந்தது, பிறகு கைவிடப்பட்டது. வீரர்கள் இருவரும் 2013 மார்ச்சில் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. அதே ஆண்டு நவம்பரில் பள்ளிக் கல்வி நிர்வாகியின் மீதே குற்றச்சாட்டு பதிவானது. காடர்ட் கேட்ட கேள்விகள் சரியானவை என்று இதில் தெரிந்தது.

அதே வழக்கில், பின்னால் வந்து சேர்ந்த இணையக் கூட்டம் நிரூபிக்காத குற்றச்சாட்டுகளையும், வழக்கில் இல்லாதவர்களின் பெயர்களையும் அள்ளித் தெளித்தது. சில மாதங்களில், 2013 ஏப்ரலில், பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு நடந்தது. ரெட்டிட் இணையதளத்தில் படங்களை அலசிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள், காணாமல் போயிருந்த இந்திய வம்சாவளி மாணவர் ஒருவரைக் குற்றவாளி ஆக்கினார்கள். அவர் அதற்கும் முன்பே இறந்துவிட்டிருந்தார் என்பது பின்னர்தான் தெரியவந்தது. அந்தக் குடும்பத்திடம் ரெட்டிட் தளம் மன்னிப்புக் கேட்டது. காடர்ட் கையில் ஆவணம் இருந்தது. பாஸ்டன் கூட்டத்தின் கையில் ஊகம்தான் இருந்தது.

நம் வீட்டுக் கணக்கு

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் செல்பேசிக் கடை நடத்திவந்த தந்தையும் மகனும் போலீஸ் காவலில் தாக்கப்பட்டு அடுத்தடுத்து இறந்தார்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடையைத் திறந்துவைத்திருந்தார்கள், கேட்டபோது தரையில் உருண்டு புரண்டதில் காயம்பட்டது என்றது முதல் தகவல் அறிக்கை. பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட காணொளி கோடிக்கும் மேலான பார்வைகளைப் பெற்று, வழக்கைத் தமிழ்நாட்டுக்கு வெளியே கொண்டுபோனது. அதில் மிகைப்படுத்தல் இருப்பதாக சிபிசிஐடி சொன்னதும் அவர் அதை நீக்கிவிட்டார். போலீஸ் சொன்ன கதையைத் தகர்த்தவை வேறு: சிசிடிவி பதிவு, நீதித்துறை நடுவரின் அறிக்கை, அந்தக் காவல் நிலையத்துப் பெண் தலைமைக் காவலரின் சாட்சியம். 2025 ஜூனில் திருப்புவனம் அருகே கோயில் காவலாளி ஒருவர் இறந்தபோதும் வலிப்பு வந்து விழுந்ததாகத்தான் போலீஸ் தரப்பு சொன்னது. அவரைப் போலீஸார் அடிப்பதை ஒருவர் மறைந்திருந்து எடுத்த காணொளி உயர் நீதிமன்றத்தின் முன் வந்ததும் கதை மாறியது.

இரண்டிலும் குடிமக்கள் வென்றார்கள். ஆனால், சாத்தான்குளம் வழக்கின் விசாரணை ஐந்து ஆண்டுகளைக் கடந்து நீண்டபோது, முதல் வாரத்தில் பொங்கியவர்களில் எத்தனை பேர் வாய்தா தேதிகளைப் பின்தொடர்ந்தார்கள்? நாளிதழைப் போலவே சமூக வலைதளமும் முதல் நாளோடு கடந்துபோகிறது. ஊடகத்தின் மறதியைக் கண்டிக்கும் கூட்டத்துக்கும் அதே மறதி தொற்றிக்கொண்டிருக்கிறது.

பின்தொடர வேண்டிய புள்ளிகள் சட்டத்திலேயே இருக்கின்றன. கொலை போன்ற கடும் குற்றங்களில், கைதானவர் காவலுக்கு அனுப்பப்பட்ட 90 நாள்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், அவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை தானாக வந்துவிடுகிறது. 91-வது நாளில் என்ன நடந்தது என்று எந்தச் செய்தியும் கேட்பதில்லை. ‘குண்டர் சட்டத்தில் அடைப்பு’ என்று படத்துடன் வெளியாகும் ஆணைகளில் பலவற்றை உயர் நீதிமன்றம் பிறகு ரத்து செய்கிறது. அது மாவட்டப் பக்கத்துக்கு வந்து சேருவதே இல்லை. கைதானவர் கையில் மாவுக்கட்டுடன் நிற்கும் படத்தை ‘வழுக்கி விழுந்தார்’ என்ற விளக்கத்தோடு நமட்டுச் சிரிப்பாக அச்சிடுகிறோம். அவர் பிறகு நிரபராதி என்று விடுதலையானால் அந்தச் சிரிப்புக்கு யார் பொறுப்பு?

இத்தனைக்கும், பேரேடு எழுதத் தேவையானவை இன்று கைக்கெட்டும் தூரத்தில் உள்ளன. பாலியல் குற்றம் முதலான உணர்திறன் மிக்க வழக்குகள் நீங்கலாக, முதல் தகவல் அறிக்கையை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-ல் உத்தரவிட்டது. மாவட்ட நீதிமன்ற வழக்குகளின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் வழக்கு எண்ணைப் போட்டு யாரும் பார்க்கலாம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 1,500-க்கும் மேற்பட்ட கொலைகள் பதிவாகின்றன. மாநிலம் முழுவதற்கும் ஒருவர் கணக்கெழுத முடியாது. ஒரு மாவட்டத்துக்கு ஒரு சிறு குழு போதும்: இரண்டு சட்ட மாணவர்கள், ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர் ஒருவர், ஊரறிந்த தாலுகா நிருபர் ஒருவர்.

எல்லைகளும் தெளிவாக இருக்க வேண்டும். பாலியல் குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது தண்டனைக்குரிய குற்றம். 2019-ல் பொள்ளாச்சி வழக்கில் மாவட்டக் காவல் அதிகாரியே அந்தத் தவறைச் செய்தார். பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர அரசுக்கு உத்தரவிட்டது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. அதிகாரி சறுக்கிய இடத்தில் ஆர்வலர் சறுக்க அதிக நேரம் ஆகாது. அவதூறுச் சட்டத்தின் கத்தியும் தலைக்கு மேல் தொங்குகிறது. ஆனால், அதே சட்டம் நீதிமன்ற நடவடிக்கைகளைக் கணிசமான அளவு உண்மையாகப் பதிவுசெய்வதை அவதூறிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. ஊகத்துக்கும் வசைக்கும் இல்லாத பாதுகாப்பு ஆவணத்துக்கு இருக்கிறது.

அப்படியொரு பட்டியல் கையிலிருந்தால் நாளிதழோடு பேசும் மொழியே மாறிவிடும். ‘நீங்கள் போலீஸின் ஊதுகுழல்’ என்ற வசையை எந்த ஆசிரியரும் எளிதில் புறந்தள்ளிவிடலாம். ‘இன்ன தேதியில் இன்னாரைக் கொலையாளி என்று படத்துடன் வெளியிட்டீர்கள், இன்ன அமர்வு நீதிமன்றம் அவரை விடுதலை செய்து ஓராண்டாகிறது, ஒரு வரிகூட வரவில்லை’ என்று வழக்கு எண்ணோடு கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். கைதுக்குக் கொடுத்த இடத்தைத் தீர்ப்புக்கும் கொடு என்பதுதான் குடிமக்கள் வைக்க வேண்டிய கோரிக்கை. அதை வைக்கும் தகுதி, தீர்ப்பு நாள் வரை தானும் காத்திருந்தவருக்கே உண்டு.