ஷூ தைக்கும் ஊரில் வெறுங்கால் ஓட்டம்



காலையில் ஆம்பூர் பக்கம் வந்தால், டிபன் பாக்ஸோடு ஷூ கம்பெனிக்கு விரையும் அம்மாக்களைக் கூட்டம் கூட்டமாகப் பார்க்கலாம். அவர்கள் தைக்கும் ஷூக்கள் வெளிநாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. அவர்களின் பிள்ளைகளோ, பள்ளி விளையாட்டு விழாவில் வெறுங்காலோடு ஓடுவதைத்தான் நான் பணியில் இருந்த காலமெல்லாம் பார்த்தேன்.

'வெறுங்காலோடு ஓடி ஒலிம்பிக்கிலேயே ஒருவர் ஜெயித்தாரே சார்' என்பீர்கள். உண்மைதான்! எத்தியோப்பியாவின் அபேபே பிகிலா, 1960ல் ரோம் மாரத்தானில் அப்படித்தான் தங்கம் வென்றார். ஆனால், 1964ல் டோக்கியோவில் ஷூ அணிந்து ஓடி, மீண்டும் தங்கம் வென்றார்; நேரமும் மூன்று நிமிடம் குறைந்தது. எல்லாம் ஷூவால்தான் என்று சொல்ல மாட்டேன். வறுமையைப் பெருமையாகப் பேசுவது மட்டும் எனக்குப் பிடிக்காது.

ஷூ வாங்கித் தந்தால் போதுமா? போதாது. என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, குறுவட்டப் போட்டியில் 200 மீட்டரில் முதலாவதாக வந்தாள். அடுத்து மாவட்டப் போட்டி. ஆசிரியர்கள் சேர்ந்து பஸ் கட்டணம், ஷூ எல்லாம் ஏற்பாடு செய்தோம். அன்று அவள் வரவேயில்லை. அம்மாவுக்கு கம்பெனியில் வேலை. இரண்டு வயதுத் தம்பியை அவள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றும் உறுத்துகிறது.

வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கத்தை உங்களுக்குத் தெரியும்தானே? காமன்வெல்த் பளு தூக்கும் போட்டியில், 77 கிலோ பிரிவில் 2014, 2018 என இரண்டு முறை தங்கம் வென்றவர். கிளாஸ்கோவில் அவர் தூக்கிய மொத்த எடை 328 கிலோ! அப்பா முன்னாள் ராணுவ வீரர். பிறகு காவலாளியாக வேலை பார்த்தவர். வசதியான வீடு இல்லை. ஆனால், அப்பாவே பளு தூக்கும் வீரர் என்பதால், வழிகாட்டி வீட்டிலேயே இருந்தார்.

அப்படி யாரும் இல்லாத பிள்ளைகளுக்காகத்தான் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகளை நடத்துகிறது. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் இலவசம். வீரர்களுக்கு உதவ, 2023ல் தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளையும் தொடங்கப்பட்டது. நல்ல திட்டங்கள்தான். ஆனால், தேர்வுக்கு வந்து திறமையைக் காட்டினால்தானே விடுதியில் இடம்? அந்த முதல் படிக்கு முன்பே பலர் நின்றுவிடுகிறார்கள். பஸ் காசு, முட்டை, பால், தம்பியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள்... இவை எந்த விண்ணப்பப் படிவத்திலும் இருக்காது. பக்கத்து வீட்டுப் பாட்டியோ, உடற்கல்வி ஆசிரியரோ, வகுப்புத் தோழரோதான் இதற்குக் கை கொடுக்க முடியும்.

போன மாதம் அந்தச் சிறுமியை பஸ் நிலையத்தில் பார்த்தேன். இப்போது அவளும் ஷூ கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மகள் ஆறாம் வகுப்பாம், நன்றாக ஓடுகிறாளாம். ''சார், விளையாட்டு விடுதித் தேர்வு எப்போது?'' என்று கேட்டாள்.

அறிவிப்பு வந்ததும் நானே வீட்டுக்கு வந்து சொல்வதாக, முகவரியை வாங்கிக்கொண்டேன். ''அன்றைக்கு சின்னவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?'' என்று இந்த முறை மறக்காமல் கேட்டேன்.