எல்லைச் சாலை வரும்வரை காத்திருக்க முடியாது



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுக்குப் போகும் கம்பெனி பஸ்கள், கன்டெய்னர் லாரிகள், திருவள்ளூர் ரயிலைப் பிடிக்க ஓடுவோர் எல்லோருக்கும் மணவாள நகர்ச் சாலைதான் வழி. ஷிப்ட் மாறும் நேரத்தில் பிள்ளைகள் சாலையைக் கடப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. எண்ணூர்–மாமல்லபுரம் எல்லைச் சாலை முடிந்தால் லாரிகள் குறையும், உண்மைதான். 133 கிலோமீட்டரும் முடியும்வரை என்ன செய்வது?

2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது திருவள்ளூரும் அதில் சேர்ந்தது. எல்லைக்குள் சேர்த்தவர்களுக்கு எங்கள் சாலையைத் திட்டமிடும் கடமையும் உண்டு. சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமமும் (கும்டா) மாவட்ட நிர்வாகமும் காலை, மாலை வேளைகளில் லாரிகளை நிறுத்திவைக்க வேண்டும். கம்பெனி பஸ்களுக்குத் தனி நிறுத்தமும், நடப்பவர்களுக்கு நடைபாதையும் உடனே தர வேண்டும்.

– ஒரு வாசகர், மணவாள நகர், திருவள்ளூர்