ஸ்டென்சிலில் விழுந்த பிழை

போன வாரம் பேரன் சென்னையிலிருந்து வந்திருந்தான். நெட்வொர்க் பொறியாளர் வேலை. இரவுச் சாப்பாடு முடிந்ததும் மடிக்கணினியைத் திறந்தான்.

"200 சுவிட்ச் தாத்தா. எல்லாத்துலயும் டைம் சர்வர் முகவரியை மாத்தணும்."

ஒவ்வொன்றாக உள்ளே போய், கடவுச்சொல் கொடுத்து, கட்டளையை அடித்து, சேமித்து வெளியே வர ஐந்து நிமிடம் என்றாலும் பதினாறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அவன் பைத்தான் மொழியில் முப்பது வரி எழுதி வைத்திருந்தான். சுவிட்சுகளின் முகவரிகள் தனிக் கோப்பில். நெட்மிக்கோ என்ற நிரல் தொகுப்பின் உதவியால் ஒவ்வொரு கருவிக்குள்ளும் அதுவே நுழைந்து, பழைய அமைப்பைப் படித்துத் தேதியிட்டுப் பத்திரப்படுத்தி, புதிய வரியை எழுதிவிட்டு வருமாம்.

"மனுஷன் வேலையை மெஷின் பிடுங்குது" என்று என் வயதுக்காரர்கள் புலம்புவார்கள். நான் புலம்ப மாட்டேன். ஒரே சுற்றறிக்கையைக் கை வலிக்கத் திரும்பத் திரும்ப நகலெடுத்தவன் நான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. எனக்குள்ள பயம் வேறு.

எழுபதுகளில் எங்கள் அலுவலகத்தில் சைக்ளோஸ்டைல் இயந்திரம் இருந்தது. ஒருமுறை, ஓய்வூதியக்காரர்கள் லைஃப் சர்டிபிகேட் கொடுக்கக் கடைசி நாள் 15 என்பதற்குப் பதில் ஸ்டென்சிலில் 25 என்று அடித்துவிட்டேன். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. எல்லா கொம்யூனுக்கும் அதே பிழை போனது. கையால் எழுதியிருந்தால் ஒரு தாளில்தான் தவறு இருந்திருக்கும். அந்த மாதம் பணம் வராத ஒரு மூதாட்டி என் மேசை முன்னால் வந்து நின்றார். திட்டவில்லை. "நான்தான் தப்பா வந்துட்டேனாப்பா?" என்றார். இன்றும் மறக்க முடியவில்லை.

பேரனின் நிரலும் ஒரு ஸ்டென்சில்தான். 2021 அக்டோபர் 4ஆம் தேதி ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது நினைவிருக்கும். பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய முதுகெலும்பு இணைப்புகள் அனைத்தையும் துண்டித்துவிட்டது. தவறான கட்டளையைத் தடுக்க ஒரு சோதனைக் கருவியும் வைத்திருந்தார்கள். அதிலும் பிழை.

ஆகவே என் கட்சி இது: எழுதுவதை இயந்திரத்திடம் விடலாம், சரிபார்ப்பதை முழுக்க விட்டுவிடக் கூடாது. முதலில் ஒரு கருவியில் ஓட்ட வேண்டும், பிறகு பத்தில், பிறகுதான் மீதியில். பழைய நகல் கையில் இருக்க வேண்டும். எழுதியவரே ஒப்புதலும் தரக் கூடாது. வரைவில் கண்காணிப்பாளர் சுருக்கொப்பம் போட்ட பிறகே தாள் வெளியே போகும் என்ற பழைய வழக்கம் வீண் சடங்கு அல்ல.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் கணினிக்குப் பெயர் 'ஓர்தினாத்தர்'. 1955இல் ஐபிஎம் கேட்டுக்கொண்டதன் பேரில் ழாக் பெரே என்ற லத்தீன் பேராசிரியர் சொன்ன பெயர். கணக்குப் போடுவது என்று அதற்குப் பொருள் இல்லை. ஒழுங்குபடுத்துவது என்று பொருள். எது ஒழுங்கு என்பதை நாம்தானே அதற்குச் சொல்ல வேண்டும்?

அன்றிரவு அவன் புதிய முகவரியை உரக்க வாசிக்க, நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளில் ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டேன். பிழை இல்லை. இருந்தாலும், முதலில் ஒரே ஒரு சுவிட்சில்தான் ஓட்டினான்.