அவசரம் வேண்டாமே!

"கொடுத்து வைத்த மகராசர்! ஒரு நாள் படுக்கவில்லை. ஒருவருக்கும் சிரமம் வைக்கவில்லை. இந்த மாதிரி சாவு யாருக்குக் கிடைக்கும்?"

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் இப்படிச் சொல்வதை நீங்களும் கேட்டிருப்பீர்கள். போனவரைப் பொறுத்த வரையில் வாஸ்தவமான பேச்சுத்தான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும் மகளை யாராவது திரும்பிப் பார்க்கிறார்களோ? காலையில் காபி குடித்துவிட்டு, "வண்டிக்காரன் வந்தால் பிஞ்சு வெண்டைக்காயாகப் பார்த்து வாங்கு" என்று சொன்ன அப்பா, பத்து மணிக்கு இல்லை. ஆறு மாதம் படுக்கையில் கிடந்து போகிறவர் வீட்டில் துக்கம் தவணை முறையில் வருகிறது. இவளுக்கு அது ஒரே நாளில் மொத்தமாக வந்து இறங்கிவிட்டது.

அப்புறம் ஆரம்பிக்கும் விசாரணை. "எத்தனை மணிக்கு? வியர்த்ததா? உடனே டாக்டரைக் கூப்பிடவில்லையா?" கேட்பவர்கள் கெட்டவர்கள் அல்ல, வேறு என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்கிறார்கள். ஆனால் ஒரே நாளில் நாற்பது பேருக்கு இந்தக் கதையைச் சொல்கிறவள், நாற்பது தடவை அந்த வாசற்படியில் ஏறி இறங்குகிறாள். சித்தியோ, ஒன்றுவிட்ட அக்காவோ யாராவது ஒருவர் வாசலருகே உட்கார்ந்து இந்தப் பதிலை ஏற்றுக்கொண்டால் பெரிய உபகாரம்.

"முந்தாநாளே தோள் வலி என்றாரே, நான் கவனிக்கவில்லையே!" என்று ராத்திரி இரண்டு மணிக்கு அவள் தன்னையே கூண்டில் நிறுத்துவாள். அவளுக்கு ஒரு விஷயத்தை எடுத்துச் சொல்லலாம். திடீரென்று இருதயம் நின்று போகிறவர்களில் பலருக்கு அதற்கு முன்னால் இருதய நோய் இருந்ததே யாருக்கும் தெரியாது. அந்தத் தாக்குதலேதான் முதல் அறிகுறி. தோள் வலிக்கு ஆயிரம் காரணம் உண்டு. இதை ஒரு தடவை சொன்னால் போதாது, பல தடவை சொல்ல வேண்டியிருக்கும்.

நம் பழைய வழக்கங்களில் எனக்கு எல்லாமே பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் சாவு வீட்டில் அடுப்பு மூட்டாமல் அக்கம் பக்கத்தார் சாப்பாடு கொண்டு வருவது மகா புத்திசாலித்தனமான ஏற்பாடு. நகரத்து அடுக்கு மாடியில் அது இப்போது குறைந்துவிட்டது. புக்ககத்திலிருந்து ஓடி வந்த பெண், அழுது முடிப்பதற்குள் எழுந்து போய், "மாமா கோஷ்டி எட்டுப் பேர், சர்க்கரை இல்லாமல் மூன்று" என்று டம்ளர்களை எண்ணிக்கொண்டிருக்கிறாள்! பக்கத்து வீட்டுச் சகோதரிகளே, ஒரு பிளாஸ்க் காபி அனுப்புங்கள். ஆறுதல் வார்த்தை அப்புறம் ஆகட்டும்.

குழந்தைகளிடம், "தாத்தா ஊருக்குப் போயிருக்கிறார்" என்று சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். போனவர் திரும்பி வருவார் என்று அது காத்திருக்கும். அடுத்த மாதம் அப்பா நிஜமாகவே ஊருக்குக் கிளம்பும்போது வேஷ்டியைப் பிடித்துக்கொண்டு அலறும். "தாத்தா இறந்துவிட்டார், இனி வரமாட்டார்" என்று மடியில் வைத்துக்கொண்டு சொன்னால் குழந்தை அழும். அழட்டும்.

இனி காகிதக் காரியங்கள். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டுமென்பது 1969-ஆம் வருஷத்துச் சட்டம். ஆஸ்பத்திரியில் இறந்தால் அவர்களே தகவல் அனுப்புவார்கள். வீட்டில் என்றால் வீட்டார்தான் தெரிவிக்க வேண்டும். பெயரும் இனிஷியலும் ஆதாரிலும் பாங்குப் புத்தகத்திலும் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அப்போதே பாருங்கள். ஓர் எழுத்துக்காகப் பின்னால் பத்து நடை நடக்க வேண்டியிருக்கும். அடுத்தது தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். அப்பாவின் செல்போன் இணைப்பை மட்டும் உடனே ரத்து செய்துவிடாதீர்கள். கணக்கு வழக்குக்கான செய்திகள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அவருடைய குரலும் எங்காவது அதில் பதிவாகி இருக்கலாம்.

அவசரமே கூடாத காரியம் ஒன்று உண்டு. பதின்மூன்றாம் நாள் சாப்பாடு முடிந்து, வெற்றிலைத் தட்டு சுற்றி வரும்போது, "வீட்டை அண்ணா பேருக்கு மாற்ற ஒரு கையெழுத்து, அவ்வளவுதான்" என்று ஒரு பத்திரம் வருமே, அதைத்தான் சொல்கிறேன். விடுதலைப் பத்திரம் என்று அதற்குப் பெயர். கையெழுத்திட்டுப் பதிவும் செய்துவிட்டால் உங்கள் பங்கு போயிற்று. இந்துக் குடும்பத்தில் தகப்பனார் உயில் எழுதாமல் போனால், அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் சம பங்கு என்று 1956-ஆம் வருஷத்துச் சட்டமே சொல்கிறது. அவருடைய தாயார் உயிரோடிருந்தால் அந்தப் பாட்டிக்கும் ஒரு பங்கு. அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் என்றால் நாலு பங்கு. பாட்டியும் இருந்தால் ஐந்து. பிதுரார்ஜித சொத்தில் பெண்ணுக்குப் பிள்ளையைப் போலவே பிறப்புரிமை உண்டென்று 2005-இல் நாடு முழுவதற்கும் ஆயிற்று. கல்யாணமாகிவிட்டதென்பதால் அது போய்விடாது.

அண்ணாவுக்கு விட்டுக் கொடுக்க மனமிருந்தால் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அழுது அழுது கண் வீங்கியிருக்கும்போது, எழுத்துக்கூடத் தெரியாத நிலையில் எதற்கு? ஆறு மாதம் போனால் பத்திரம் புளித்துப் போகாது.

பாங்கில் நாமினி என்று ஒரு பெயர் இருந்தால் பணம் அவருக்கே சொந்தம் என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. பாங்கிலிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளும் உரிமைதான் அவருக்கு. வாரிசுகளின் பங்கு வாரிசுகளுக்கே.

அம்மா எங்கே இருப்பாள் என்பதையும் இதே பதின்மூன்று நாளில், அவளைத் தவிர மற்ற எல்லோரும் கூடித் தீர்மானித்து விடுகிறார்கள். "ஆளுக்கு ஆறு மாதம்" என்று ஏலம் போடுவதுபோல் பேச்சு நடக்கும். அவள் உள்ளே பூஜை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருப்பாள். நாற்பது வருஷம் குடித்தனம் நடத்திய வீட்டில் இன்னும் சில மாதம் இருக்க அவளுக்கு ஆசை இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். கேட்டால்தானே தெரியும்? குடும்பப் பென்ஷன் வரும் இடமானால், அவள் பெயரில் கணக்கு வேண்டும். வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடிருப்பதற்குச் சான்று தர வேண்டும். இதுவரை பாங்கு வாசலையே மிதிக்காதவளாயிருந்தால், முதல் மாதம் நீங்களே அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். கவுன்ட்டரில் நிற்பது அவளாக இருக்கட்டும்.