பெஞ்சில் கிடைத்த தோழி

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்கு எட்டாம் மாதத்தில் முகமும் கையும் வீங்கின. 'மாசமா இருந்தா வீங்கத்தான் செய்யும். மூணு பெத்தவ, எனக்குத் தெரியாதா?' என்றேன். தலைவலி என்றாள், தைலம் தேய்த்து விட்டேன்.

செவ்வாய்க்கிழமை செக்கப்புக்குப் போனோம். பெஞ்சில் பக்கத்தில் இருந்த நிறைமாதப் பெண், 'கண்ணு மங்கலாத் தெரியுதாம்மா?' என்று விசாரித்தாள். மகள் 'ஆமாம்' என்றதும், வரிசையைக்கூடப் பார்க்காமல் நர்ஸிடம் கூட்டிப் போனாள். ரத்த அழுத்தம் 160/110! அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். விட்டிருந்தால் வலிப்பு வந்து இரண்டு உயிருக்கும் ஆபத்தாகியிருக்குமாம். முதல் பிரசவத்தில் தான் பட்டதை வைத்தே அந்தப் பெண் கண்டுபிடித்திருக்கிறாள். அவளுக்கு வலி கண்ட அன்று, போனில் தைரியம் சொன்னது என் மகள்! இன்று இருவரும் குழந்தையும் கையுமாக நலம்.

கர்ப்பிணிப் பெண்களே! செக்கப் நாளில் செல்போனையே பார்த்துக் கொண்டிராமல், பக்கத்தில் இருப்பவரிடம் நாலு வார்த்தை பேசுங்கள். நம்பர் வாங்கி வையுங்கள். 'எங்க சித்திக்கு இப்படித்தான்...' என்று பயமுறுத்தும் கதை மட்டும் வேண்டாம். குழந்தையின் அசைவு குறைந்தாலோ, பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, கை வைத்தியம் சொல்லாமல் உடனே ஆஸ்பத்திரிக்கு விரட்டுங்கள்.

என்னைப் போன்ற அம்மாக்களே! நாம் பெற்றது ஒரு காலம். 'எனக்குத் தெரியாதா' என்பதை விட்டுவிட்டு, 108-க்குப் போன் போடப் பழகுவோமா?

- ஒரு வாசகி, தஞ்சாவூர்.